கப்பல் படம் போட்ட டப்பா

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த நர்சம்மாவுக்கு எதையாவது இரவல் கொடுக்க எனக்குப் பயமாக இருக்கும். கொடுத்த பொருள் சொன்ன நேரத்துக்கு முன்பே திரும்பிவிடும். ஆனால் தனியாக வராது. குழம்புக் கிண்ணம் போனால் ஒரு பிடி சர்க்கரையோ நாலு பச்சை மிளகாயோ போட்டுத் திருப்புவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். நர்சம்மா கிண்ணத்தோடு நிற்கிற ஆள் இல்லை. மழைக்கு வாங்கிக்கொண்டு போன குடைக்குள் இரண்டு எலுமிச்சம்பழத்தைப் போட்டுச் சுருட்டி, கீழே என் ஜெராக்ஸ் கடைக் கதவில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த மழைக்கு நான் விரித்தபோது காய்ந்து கல்லாகியிருந்த ஒன்று தலையில் விழுந்தது. கடையிலிருந்து வாங்கிப்போன ஸ்டேப்ளர் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு வந்தது. காஸ் போடுகிறவன் காலி சிலிண்டரைத் தோளில் ஏற்றினால், "இன்னாப்பா, வெறுமனே எடுத்துக்கினு போற" என்று அவன் சட்டைப் பையில் ஒரு வாழைப்பழத்தைச் சொருகிவிடுவார்.

"காலிப் பாத்திரம் போனா குடுத்த வூட்லயும் கம்மியாவும், வாங்கன வூட்லயும் கம்மியாவும்" என்பார். இதை யார் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது என்று ஒருமுறை கேட்டேன். "இதுக்குக்கூடவா ஒருத்தர் சொல்லித் தரணும்?" என்று என்னைப் பாவமாகப் பார்த்தார். களமருதூரில் நெல் போடுகிற குடும்பம் அவர்களுடையது. கணவர் அறுவடை மிஷின் ஓட்டுகிறவர். சீசன் வந்தால் தஞ்சாவூர்ப் பக்கம், ஆந்திரா என்று மாதக்கணக்கில் போய்விடுவார். போகும்போது அவர் பையிலும் முறுக்கு இருக்கும், வரும்போது அதே பையில் வேறு ஏதாவது இருந்தாக வேண்டும். மறந்து வெறும் அழுக்குத் துணியோடு வந்த நாட்களில் மாடியில் சத்தம் கேட்கும்.

நர்சம்மாவுக்குக் கல்வராயன் மலையில் வேலை. காலையில் எங்கள் கடை வாசலில் நின்றுதான் கச்சிராயபாளையம் வழியாக மலையேறும் பஸ்ஸைப் பிடிப்பார். கரியாலூரைச் சுற்றியுள்ள ஊர்களில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது, எடை பார்ப்பது, கர்ப்பிணிகளை விரட்டி விரட்டி மாத்திரை விழுங்க வைப்பது. மருந்து கெடாமல் இருக்க ஐஸ் வைத்த நீலப் பெட்டி ஒன்று கொடுத்திருப்பார்கள். மாலையில் பஸ் இறங்கி அதைப் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒப்படைக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் பெட்டி நிறைய மலைக் கொய்யாவைப் போட்டு ஒப்படைத்திருக்கிறார். டாக்டர் குதித்தாராம். "தப்புதாங்க சார். ஆனா பொட்டி காலியா இருந்திச்சிங்க" என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார். மறுநாளிலிருந்து பெட்டியைக் காலியாகவும், பக்கத்தில் ஒரு பை நிறையக் கொய்யாவையும் வைத்தார். பைக்குக் கோபித்துக்கொள்ள டாக்டரிடம் விதி எதுவும் இல்லை.

இதையெல்லாம் சொல்லித் தெருவே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். ஒரு தடவை மட்டும் யாராலும் சிரிக்க முடியவில்லை.

அவருடைய ஒரே மகள் நிவேதா. காலேஜில் கடைசி வருஷம். காய்ச்சல் என்று படுத்தாள். நர்சம்மாவே மாத்திரை கொடுத்தார், நர்சம்மாவே ரத்தம் எடுத்துப் பார்க்க வைத்தார், நர்சம்மாவே பெரிய ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போனார். காய்ச்சல் மூளைக்குப் போய்விட்டது என்று சொன்னார்கள். ஆம்புலன்ஸில் கொண்டுவந்து கீழே எங்கள் வாசலில் பெஞ்சு போட்டுக் கிடத்தினோம். அவள் அப்பா மாடிப்படியில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். டிரைவர் ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிப் பின்கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டதும் மகள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த நர்சம்மா எழுந்தார்.

"வண்டி வெறுமனே போவுதே" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. எனக்கு மட்டும் புரிந்தது. விறுவிறுவென்று மாடி ஏறிப் போய், கைக்குக் கிடைத்த அரைச் சீப்பு வாழைப்பழத்தோடு இறங்கி வந்து டிரைவரிடம் நீட்டினார். சாவு வீட்டிலிருந்து யாரும் எதையும் எடுத்துப் போக மாட்டார்கள். அந்தப் பையன் என் முகத்தைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். இரண்டு கையாலும் வாங்கிப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு போனான். நர்சம்மா திரும்பி வந்து மகள் பக்கத்தில் பழையபடி உட்கார்ந்தார். அழவில்லை. "அவள அழுவ வைங்கடி, இல்லனா மாரடைச்சிடும்" என்று கிழவிகள் கட்டிப்பிடித்துக் குலுக்கினார்கள். குலுக்கிய பக்கமெல்லாம் ஆடினார், அவ்வளவுதான். கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் களமருதூருக்கு பஸ் ஏறியபோதும் அழவில்லை. லீவு முடிந்ததும் நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனார்.

நிவேதாவுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. வெளிநாட்டில் இருப்பவர்களோடு தின்பண்டம் மாற்றிக்கொள்வது. அதற்கென்றே கம்ப்யூட்டரில் ஒரு இடம் இருக்கிறது. உன் ஊர் பலகாரம் ஒரு பெட்டி நீ அனுப்பு, என் ஊர் பலகாரம் ஒரு பெட்டி நான் அனுப்புகிறேன். காசு பேச்சே கிடையாது. போனில் எழுத்து சின்னதாக இருக்கிறது என்று என் கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்துதான் எழுதுவாள். கமர்கட்டு, எள்ளடை, மரவள்ளிச் சிப்ஸ் எல்லாம் இந்தத் தெருவிலிருந்து மலேசியாவுக்கும் ஜப்பானுக்கும் போயிருக்கின்றன. வந்ததில் பாதி எனக்குப் பிடிக்காது. ஆனாலும் பெட்டி பிரிக்கிற அன்று கடையை அப்படியே போட்டுவிட்டு மாடிக்கு ஓடுவேன்.

நர்சம்மாவுக்கு இந்தக் கொடுக்கல் வாங்கலில் ஒரு குறை. பிளாஸ்டிக் கவரில் வருகிறதே, எதைத் திருப்புவது? பின்லாந்திலிருந்து ஐனோ என்கிற அம்மாள் அனுப்பிய பார்சலில் முதல்முறையாக ஒரு தகர டப்பா வந்தது. நீல மூடி, அதில் பாய்மரக் கப்பல் படம். உள்ளே அந்த அம்மாள் கையால் சுட்ட இஞ்சி பிஸ்கட்டும், கடையில் வாங்கிய கருப்பு மிட்டாயும். நர்சம்மா டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டார்.

"இத்த எப்ப திருப்பணும்?"

"யம்மா, திருப்ப வேணாம்மா. டப்பாவும் நமக்குத்தான்."

"டப்பாவுமா? அப்ப அவங்க வூட்ல டப்பாவுக்கு இன்னா பண்ணுவாங்க?"

நிவேதா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அடுத்தவர் டப்பா நம் வீட்டில் தங்கக் கூடாது என்பதில் நர்சம்மா நகரவில்லை. அதிரசம் சுட்டு, எண்ணெய் பிழிந்து, ஆறவைத்து, அதே டப்பாவில் அடுக்கிப் பின்லாந்துக்கு அனுப்பினார். தன்னுடைய பழைய டப்பா ஏழு கடல் தாண்டித் தன்னிடமே வந்து நிற்பதைப் பார்த்து அந்த அம்மாள் குழம்பிப்போய் எழுதினார், ஏதாவது தவறா என்று. நிவேதா விஷயத்தை விளக்கினாள். பதில் வந்தது: எங்கள் தெருவில் எல்லோரையும் கூப்பிட்டு டப்பாவைக் காட்டினேன், உன் அம்மா சொல்வதுதான் சரி, இனி இந்த டப்பா வெறுமனே போகாது. ஐனோ தனியாக இருக்கிற வயதான அம்மாள். குளிர்காலத்தில் இடுப்பளவு பனி என்று படம் அனுப்புவார். நர்சம்மாவுக்கு அவர் பெயர் வாயில் நுழையாது. பின்லாந்தம்மா என்றுதான் சொல்வார்.

அந்தக் கருப்பு மிட்டாயைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். உப்பு, கசப்பு, அதோடு ஏதோ ஒரு நெடி. நர்சம்மா முதலில் வாயில் போட்டபோது முகம் எட்டுக் கோணலாகப் போனது. "இது முட்டாயா, மருந்தா?" என்று கேட்டுத் துப்பினார். ஆனால் வீணாக்கவில்லை. கரியாலூருக்குக் கொண்டுபோய் ஊசி போட்ட குழந்தைகளுக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்தார். ஊசிக்கு அழாத குழந்தைகூட மிட்டாய்க்கு அழுததாம். அடுத்த மாதம் இவரைக் கண்டதும் ஒரு சின்னப் பெண், "ஊசி வேணா போட்டுக்கோங்க, முட்டாய் வேணாங்க" என்று கையை நீட்டினாளாம். நிவேதா இதை எழுதி அனுப்ப, ஐனோ அடுத்த தடவை மலைக் குழந்தைகளுக்கென்று தனியாகச் சிவப்பு மிட்டாய் வைத்து அனுப்பினார்.

நிவேதா காய்ச்சலில் படுத்தபோது டப்பா பின்லாந்தில் இருந்தது. கருமாதி முடிந்து கொஞ்ச நாளில் வந்து சேர்ந்தது. நர்சம்மா மலையில் இருந்ததால் போஸ்ட்மேன் என் கடையில் கொடுத்துவிட்டுப் போனார். மேலே நிவேதா பெயர், கொட்டை எழுத்தில். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கிய நர்சம்மாவிடம் எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் மேஜைக்கு அடியில் தள்ளி வைத்திருந்தேன். அவரே பார்த்துவிட்டார்.

கடையிலேயே உட்கார்ந்து பிரித்தார். இஞ்சி பிஸ்கட், சிவப்பு மிட்டாய், ஓரமாகக் கொஞ்சம் கருப்பு மிட்டாய், ஒரு அட்டை. கருப்பு மிட்டாயில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சுருக்கம் இல்லை. கரைகிற வரை வைத்திருந்து விழுங்கினார். இன்னொன்றையும் போட்டுக்கொண்டார்.

"அட்டைல இன்னா எழுதியிருக்காங்க?"

அன்புள்ள நிவேதா, பரீட்சை எப்படிப் போகிறது, உன்னிடமிருந்து சில நாட்களாகச் செய்தியே இல்லையே என்று எழுதியிருந்தது. படித்துச் சொன்னேன்.

"நல்லா எழுதிக்கினு இருக்கேன்னு போடு" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கோபம்தான் வந்தது. "இன்னாக்கா பேசறீங்க? நடந்தத சொல்லிடலாம்க்கா. அந்தம்மாவும் வயசானவங்க, புரிஞ்சிக்குவாங்க" என்றேன்.

நர்சம்மா பிஸ்கட் தூளை மேஜையிலிருந்து ஒன்றுசேர்த்தபடி பேசினார். "பஸ்ல கண்டக்டர் என்னப் பாத்தா டிக்கெட்டு போடறதுக்கு முன்ன உச்சுக் கொட்டறாரு. மலையில ஊசி போட வந்தவளுங்க, நர்சு வூட்லயே காய்ச்சலுக்குப் போயிட்டுதேன்னு என் காதுபடவே பேசறாளுங்க. எல்லாரும் போயிட்டவளத்தான் விசாரிக்கறாங்க. அந்தம்மா ஒருத்திதான் எம் பொண்ண உசுரோட விசாரிக்கறாங்க. அது இருக்கட்டும். நீ எழுது."

நான் எழுதினேன். கடைக் கம்ப்யூட்டரில் திறந்தே கிடந்த அவள் கணக்கில், அவள் பெயரில், அவள் எழுதுகிற மாதிரியே ஆச்சரியக்குறி எல்லாம் போட்டு.

அடுத்தது டப்பா. வருஷம் திரும்பாமல் அவர் வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. பொங்கல் கிடையாது, தீபாவளி கிடையாது, பலகாரம் கிடையாது. நர்சம்மா அதை மீறுகிறவர் இல்லை. டப்பாவை வெறுமனே வைத்திருக்கிறவரும் இல்லை. கடையில் லட்டு வாங்கிப் போட்டு அனுப்பலாமே என்றேன். "அவங்க கையால சுட்டு அனுப்பியிருக்காங்க" என்றார். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை மாவோடு என் சமையல்கட்டுக்கு வந்து நின்றார்.

என் மாமியாருக்கு முகம் சிவந்துவிட்டது. "வருசம் திரும்பாத வூட்டுக்காரி நம்ம அடுப்புல எண்ணெச்சட்டி வெக்கறதா? நாலு பேரு கேட்டா இன்னா சொல்லுவாங்க?" என்று கூடத்திலிருந்து கத்தினார்.

"அடுப்பு என்னுது. பாவம் வந்தா எனக்கு வரட்டும்" என்றேன் நானும். எங்களுக்குள் அப்படித்தான், ஒருத்தருக்கொருத்தர் சளைத்ததில்லை.

நர்சம்மா இது எதுவும் காதில் விழாத மாதிரி மாவைத் தட்டிக்கொண்டிருந்தார். முதல் அதிரசம் எண்ணெயில் விரிந்து பிரிந்துபோனது. இரண்டாவதும் பிரிந்தது. மூன்றாவதுக்கு மாமியார் எழுந்து வந்துவிட்டார். "பாகு பதம் வரல. கொஞ்சம் அரிசி மாவு சேரு. தள்ளு" என்று உட்கார்ந்து தட்டத் தொடங்கினார். கடைசி வரை அவர் வாயில் இருந்தது திட்டுதான். டப்பா நிறைந்தபோது மூடியை அழுத்தி மூடியதும் அவர்தான்.

அதற்குப் பிறகு டப்பா வரும், போகும். ஐனோ கேட்பார், நர்சம்மா சொல்வார், நான் கம்ப்யூட்டரில் தட்டுவேன். பரீட்சை முடிந்தது. முதல் வகுப்பு. வேலை கிடைத்துவிட்டது, சென்னையில். என்ன வேலை என்று கேட்டால் என்ன எழுதுவது என்றேன். "நீ படிச்சவதான, ஒண்ணு சொல்லு" என்றார். மலையில் ஒரு குழந்தையின் எடையைச் சொல்கிற குரலில்தான் இதையெல்லாம் சொல்வார். சந்தோஷமும் இருக்காது, துக்கமும் இருக்காது. நிவேதாவுக்குச் சென்னை வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கவில்லை, தோழி ஒருத்தி கிடைத்திருக்கிறாள். சொல்லச் சொல்ல எனக்கே அவள் சென்னையில் இருப்பதுபோல் ஆகிவிடும். தட்டி முடித்துத் திரும்பிப் பார்த்தால் நர்சம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"இது எங்கக்கா போயி நிக்கும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்க போவும்? வேல கெடச்சிட்டுது. பொண்ணுன்னா அடுத்து கல்யாணந்தான்" என்றார். அதையும் எழுதச் சொன்னார். மாப்பிள்ளை எலவனாசூர்கோட்டை, சொந்தத்தில்தான், நல்ல பையன். நான் கையை எடுத்துவிட்டேன். முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை, கெஞ்சவும் இல்லை. நகராமல் உட்கார்ந்திருந்தார். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் இரண்டு மூன்று பேர் வந்து போனார்கள். அவர் அப்படி உட்கார்ந்திருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. எழுதிவிட்டேன்.

அந்த முறை டப்பா கனமாக வந்தது. பிஸ்கட்டுக்கு மேலே வெள்ளைக் கம்பளி நூலில் பின்னிய ஒரு ஜோடி கையுறை, மெல்லிய காகிதத்தில் சுற்றி. புதுமணப் பெண்ணுக்கு எங்கள் ஊரில் இதுதான் கொடுப்போம், என் கையால் பின்னினேன், உனக்கு அங்கே குளிராது என்று தெரியும், இருந்தாலும் வைத்துக்கொள் என்று அட்டை. வெளியே சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நர்சம்மா ஒரு கையுறையை எடுத்துத் தன் விரல்களை நுழைத்துப் பார்த்தார். பாதிக்கு மேல் போகவில்லை.

"அவ கைக்கு சரியா இருக்கும்" என்றார். பிறகு, "மொய் வந்துட்டுது பாரு" என்றார்.

அதற்குள் வருஷம் திரும்பித் திவசம் கொடுத்தாகிவிட்டது. கணவர் சீசனுக்குப் போயிருந்தார். நர்சம்மா இரண்டு நாள் லீவு போட்டார். மாடியிலிருந்து பாகு காய்ச்சும் வாசமும் எண்ணெய் வாசமும் இறங்கித் தெருமுனை வரை போனது. எதிர்வீட்டில் இருந்தவர்கள் மாமியாரிடம், "மாடில இன்னா விசேசம்?" என்று விசாரித்தார்கள். மாமியார் முதல்முறையாகப் பதில் சொல்லாமல் உள்ளே வந்துவிட்டார். மேலே போய்ப் பார்த்தேன். அதிரசம், முறுக்கு, லட்டு, சோமாசி. பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற வீட்டில் அம்மா சீர் வைக்கிற பலகாரம் எதுவும் குறையவில்லை. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து டப்பாவில் அடுக்கியிருந்தார். மூடியில் கப்பலுக்குக் கீழே மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தது. மீதி ஒரு பெரிய அண்டாவில் அப்படியே இருந்தது. மறுநாள் அது கரியாலூருக்கு பஸ்ஸில் போனது.

போஸ்ட் ஆபீசுக்கு நானும் கூடப் போனேன். கவுண்டரில் இருந்தவர் புதிதாக மாற்றலாகி வந்தவர். "உள்ள இன்னாங்கம்மா?" என்று கேட்டார்.

"சீர் பலகாரங்க."

"பொண்ணுக்குங்களா? அங்கயே செட்டிலா?"

"ஆமாங்க."

"நல்லா இருக்கட்டும்" என்று சொல்லி அவர் எடைபோட்டார். நர்சம்மா வணக்கம் சொல்கிற மாதிரி கையைக் கொஞ்சம் தூக்கினார். வெளியே வந்ததும் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார். டீக்கடை வாசலில் ஒரு சொம்புத் தண்ணீர் முழுவதையும் நின்றபடியே குடித்து முடித்தார்.

பிறகு வெகுநாள் செய்தி இல்லை. நான் இரண்டு முறை எழுதிப் பார்த்தேன், படித்ததற்கான அடையாளமே விழவில்லை. மழைக்காலம் தொடங்கியபோது போஸ்ட்மேன் ஒரு பார்சலைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். நாங்கள் அனுப்பிய அதே அட்டைப்பெட்டி. மூலைகள் நசுங்கி, என் கையெழுத்துக்கு மேல் குறுக்குக்கோடு போட்டு, புரியாத பாஷையில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. போனில் மொழிபெயர்த்துப் பார்த்தேன். பெற்றுக்கொள்ள யாரும் வரவில்லை என்று இருந்தது.

நர்சம்மா பஸ் இறங்கி வந்தார். பெட்டியைப் பார்த்ததும் நீலப் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். நானே பிரித்தேன். டப்பாவைத் திறந்ததும் நாற்றம் அடித்தது. அதிரசமும் லட்டும் ஒன்றோடொன்று ஒட்டிப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தன. மூடியில் குங்குமம் மட்டும் அப்படியே இருந்தது.

"சீரு திரும்பி வந்துட்டுது" என்றார்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "அந்தம்மாவுக்கு ஏதோ ஆயிட்டுது. தனியா இருந்தவங்க. யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கலாம் இல்ல? இவ்ளோ நாளு குடுத்து வாங்கிக்கினு இருந்தமே, இன்னா ஏதுன்னு ஒரு வார்த்த யாரும் சொல்லலியே" என்றார். குரல் முதல்முறையாகக் கொஞ்சம் ஏறியது. அப்புறம் அப்படியே நின்றுவிட்டது.

"நானுந்தான் சொல்லல" என்றார்.

நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எழுது" என்றார்.

"யாருக்குக்கா? அவங்க இருக்காங்களோ இல்லியோ."

"யாரு படிச்சாலும் படிக்கலன்னாலும் போவட்டும். எம் பொண்ணு செத்துட்டா. காய்ச்சல் வந்து செத்துட்டா. நல்லா இருக்கான்னு எழுதனது அவ அம்மா. அவ்ளோதான்."

அதுவரை அவர் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. மற்றவர்கள் சொன்னால்கூட எழுந்து போய்விடுவார். தட்டி முடித்தேன். "தமிழ்ல படி" என்றார். படித்தேன். "இன்னொரு தபா" என்றார். மறுபடி படித்தேன். இரண்டாவது தடவை என் குரல் உடைந்து நான்தான் அழுதேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார், மாத்திரைச் சீட்டைச் சரிபார்க்கிறவர் மாதிரி. "சரி, அனுப்பிடு" என்றார்.

அதற்குப் பதில் வரவில்லை. இன்று வரை அந்தப் பக்கம் திறந்து பார்க்கப்பட்டதாகக் காட்டவில்லை.

டப்பாவை அவர்தான் மாடிக்குக் கொண்டுபோய்ப் பலகாரத்தைக் கொட்டிச் சாம்பல் போட்டுத் தேய்த்தார். குங்குமம் போய்விட்டது, கப்பலிலும் ஒரு பாய் அழிந்துவிட்டது. அடுத்த கோடையில் உளுந்தூர்பேட்டைப் பக்கம் மாற்றல் கிடைத்துக் காலி செய்தார்கள். களமருதூரில் மாமனார் வீட்டோடு இருந்துகொண்டு அங்கிருந்தே வேலைக்குப் போகலாம் என்று கணவருக்கு எண்ணம். சாமான் ஏற்றிய வண்டி வாசலில் நின்றது. எங்கள் வீட்டுப் பாத்திரங்கள், ஏணி, சுத்தியல், என்றைக்கோ வாங்கிப்போன இடியாப்ப உழக்கு எல்லாம் முந்தின நாளே வந்துவிட்டன. உழக்கில் துவரம்பருப்பு இருந்தது, சுத்தியலோடு ஒரு தேங்காய் வந்தது. மாமியார் பழையபடி சிரித்தார்.

வண்டியில் ஏறுவதற்கு முன் நர்சம்மா கடைக்கு வந்தார். கையில் கப்பல் டப்பா.

"இத்த நீ வெச்சிக்கோ. அடுத்தவங்க டப்பா, என் வூட்ல இருக்கக் கூடாது" என்றார்.

வாங்கினேன். கை தானாக எடை பார்த்தது. மூடியைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமில்லை.

"அக்கா, வெறுமனே குடுக்கறீங்க" என்றேன்.

"ஆமா" என்றார். "வெறுமனேதான் இருக்குது."

வண்டி கிளம்பிப் போனது. டப்பாவை ஜெராக்ஸ் மிஷினுக்கு மேலே உள்ள பலகையில் வைத்திருக்கிறேன். குண்டூசி போட்டு வைக்கலாமே என்று கடைக்கு வருகிறவர்கள் சொல்வார்கள். மாமியார்கூட ஒருநாள் ஒரு பிடி சர்க்கரையோடு வந்து நின்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.